ஒருவரை ‘ரிடவுட்டபிள்’ என்று சொல்வது புகழ்ச்சியா, இல்லையா?

மலர்க்குழு, திருச்செங்கோடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்து அண்மையில் மறைந்த அம்மையாருக்குப் பழைய மாணவிகள் சேர்ந்து நினைவு மலர் கொண்டுவருகிறோம். வெளிநாட்டில் மருத்துவராக இருக்கும் ஒரு மாணவி ஆங்கிலத்தில் கட்டுரை அனுப்பியிருக்கிறார். அதைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கட்டுரையின் முதல் வரியிலேயே அவர் அம்மையாரை ‘ரிடவுட்டபிள்’ என்ற அடைமொழியுடன் குறிப்பிடுகிறார். அகராதியைப் பார்த்து ‘அஞ்சத்தக்க’ என்று எழுதினேன். மெய்ப்பு படித்த அம்மையாரின் மகள் அந்த இடத்தில் விரலை வைத்து, தம் தாயாரை எல்லோரும் மதித்தார்களே தவிர யாரும் கண்டு நடுங்கவில்லை என்றும், அச்சத்தைக் குறிக்கும் சொல் மலரில் வர வேண்டாம் என்றும் வருத்தத்தோடு சொன்னார். கட்டுரை எழுதியவரோ, தாம் எழுதியது முழுக்க முழுக்கப் புகழ்ச்சி என்கிறார். மகளின் மனமும் நோகக் கூடாது, எழுதியவரின் கருத்தும் குறையக் கூடாது. இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன, ஆங்கிலத்தில் அதை யாரைப் பற்றி எப்படிச் சொல்கிறார்கள், தமிழில் எப்படி எழுதலாம் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாமக்கல் மாணவி

போட்டித் தேர்வுக்காக நான் படிக்கும் குறிப்பு ஒன்றில் இந்தச் சொல்லுக்கு ‘சந்தேகத்துக்குரிய’ என்று பொருள் போட்டிருக்கிறது. சொல்லுக்குள்ளேயே ‘டவுட்’ இருப்பதால் அதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் கட்டுரையாளர் ஏன் புகழ்ச்சி என்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் விளக்க வேண்டும்.

பவானி மொழிபெயர்ப்பாளர்

மாணவி படித்த குறிப்பில் உள்ள பொருள் தவறு. தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ‘சந்தேகத்துக்குரிய’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டியூபியஸ்’, ‘டவுட்ஃபுல்’ ஆகிய சொற்கள் உண்டு. நாம் பேசும் சொல்லுக்கு இன்றைய வழக்கில் ஐயத்தோடு தொடர்பே இல்லை. ஆயினும் அதற்குள் ‘டவுட்’ இருப்பது உண்மைதான். அது எப்படி அங்கே வந்தது என்று பார்த்தால் மலர்க்குழுவின் கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும்.

லத்தீனில் ‘துபிதாரே’ என்றொரு வினை உண்டு. இரண்டு என்ற எண்ணுப்பெயரோடு உறவுடையது அது. இதுவா அதுவா என்று இரண்டுக்கும் நடுவில் நின்று ஊசலாடுவதும், ஒரு செயலில் இறங்கத் தயங்குவதும் அதன் பொருள். பழைய பிரெஞ்சில் அந்த வினைக்கு ஐயப்படுதல் என்ற பொருளோடு அஞ்சுதல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. முன்னால் ‘ரெ’ என்னும் ஒட்டு வந்து சேர்ந்தபோது ஐயம் உதிர்ந்து, மிகவும் அஞ்சுதல் என்ற பொருள் மட்டும் நிலைத்தது. இன்றைய பிரெஞ்சிலும் ‘ரெதூத்தே’ என்றால் அஞ்சுதல்தான். அதிலிருந்து பிறந்த பெயரடை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. எழுத்தில் ‘பி’ நின்றாலும் அதை ஒலிப்பதில்லை. ‘டவுட்’ என்ற சொல்லில் எப்படியோ அப்படியே இங்கும்.

ஆகவே மலர்க்குழு பார்த்த அகராதி வேரைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு சொல் அறுநூறு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி வந்த பிறகு அதன் வேரை மட்டும் எடுத்துத் தமிழில் வைப்பது நியாயமாகாது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அரசருக்கும் பிரபுக்களுக்கும் கடிதம் எழுதுகிறவர்கள், அவர்களை விளிக்கும் மரியாதைத் தொடரில் இதே வேரிலிருந்து வந்த ‘ரிடவுட்டட்’ என்ற சொல்லை வைத்தார்கள். ‘எல்லோரும் அஞ்சும் எம் ஐயனே’ என்று தொடங்குவது அக்காலத்தில் வசையாக இருந்திருக்க முடியாது. நாம் ‘மேதகு’ என்றும் ‘மாண்புமிகு’ என்றும் எழுதும் இடத்தில் அவர்கள் அதை எழுதினார்கள். அச்சமும் மதிப்பும் ஒரே சொல்லில் குடியிருந்த காலம் அது. பின்னர் அச்சம் மெல்லத் தேய்ந்து மதிப்பு மேலெழுந்தது. இன்று ஒருவரை அந்த அடைமொழியால் குறித்தால், ‘இவரோடு மோத நினைக்கிறவர் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார், அந்த அளவுக்கு ஆற்றலும் உறுதியும் உடையவர்’ என்று பொருள். கட்டுரையாளர் புகழ்ச்சி என்று சொல்வது முற்றிலும் சரி.

இத்தகைய சொற்களை வேரை மட்டும் பார்த்துப் பெயர்ப்பதால் வரும் தீங்குக்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1547இல் சார் என்று முடிசூடிய ரஷ்ய மன்னர் நான்காம் இவானை அவர் நாட்டார் ‘குரோஸ்னி’ என்கிறார்கள். பகைவர் நடுங்கும் பெருமிதம் உடையவர் என்ற கருத்து அதில் உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘டெரிபிள்’ என்று பெயர்த்தார்கள். அந்தக் கால ஆங்கிலத்தில் அது பொருந்தியது. பிறகு ஆங்கிலச் சொல்லின் பொருள் ‘மிக மோசமான’ என்று சரிந்துவிட்டதால் மன்னரின் பட்டமும் கூடவே சரிந்தது. அவர் கொடுமைகள் செய்தவர் என்பது வரலாறு. ஆனால் அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் சொல்ல வந்தது அந்தக் கொடுமையை அன்று.

கோவை வழக்கறிஞர்

பவானி ஐயா வரலாற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பயன்பாட்டைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். இது பேச்சில் அரிதாகவும் எழுத்தில் ஓரளவுக்கும் வழங்கும் சொல். பெரும்பாலும் ஆளின் பெயருக்கோ பதவிக்கோ முன்னால், ‘தி’ என்னும் சுட்டிடைச் சொல்லோடு சேர்ந்து வரும். ‘இன்னார் ரிடவுட்டபிளாக இருக்கிறார்’ என்று பயனிலையாக எழுதுவதைவிட, ‘ரிடவுட்டபிள் ஆன இன்னார்’ என்று பட்டம்போல் முன்னால் வைப்பதே வழக்கம். படிக்கிறவருக்கும் அவரைப் பற்றி முன்பே தெரியும் என்ற தொனி அதில் உண்டு. கட்டுரையாளர் முதல் வரியிலேயே அதை எழுதியது, பள்ளியின் பழைய மாணவிகள் அனைவருக்கும் அம்மையாரைத் தெரியும் என்ற உரிமையால்தான்.

‘ஃபார்மிடபிள்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். இரண்டுக்கும் வேரில் அச்சம் உண்டு; லத்தீனில் ‘ஃபார்மிடோ’ என்றால் பேரச்சம். ஆனால் ஃபார்மிடபிள் என்பதை மலைக்கும் வேலைக்கும் செலவுக்கும் தேர்வுக்கும்கூடச் சொல்லலாம். நாம் பேசும் சொல் பெரும்பாலும் ஆட்களுக்கே உரியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஃபார்மிடபிள் என்றால் அவருடைய திறமை நம்மை மலைக்க வைக்கிறது. அவரே ரிடவுட்டபிள் என்றால், பல ஆண்டுகளாகப் பலரும் அவரிடம் தோற்றுப் பெற்ற அனுபவம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் உணர்ந்தவரை முன்னது இன்றைய ஆற்றலைப் பற்றியது, பின்னது நாள்பட்ட பெயரைப் பற்றியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞரை எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் பின்னதால் குறிக்க மாட்டார்கள். பிரெஞ்சில் ‘ஃபொர்மிதாப்ல்’ இன்று ‘அருமை’ என்ற அளவுக்கு இளகிவிட்டது. ‘ரெதூத்தாப்ல்’ மட்டும் அச்சத்தை விடாமல் வைத்திருக்கிறது.

‘இன்டாமிடபிள்’ என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. விலங்கைப் பழக்கி அடக்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அடங்காத, அடக்க முடியாத உள்ளத்தைப் பற்றியது. அதை இதோடு சேர்க்க வேண்டியதில்லை.

சங்ககிரி வாசகர்

கோட்டையின் வெளிப்புறத்தில் கட்டும் காவல் அரணை ஆங்கிலத்தில் ‘ரிடவுட்’ என்கிறார்களே, இந்தச் சொல் அதிலிருந்து வந்ததில்லையா? 1792இல் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட போரைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் அந்தச் சொல் அடிக்கடி வருகிறது. நெருங்க முடியாத அரணைப் போன்றவர் என்ற பொருளில் ஆளுக்கும் வந்திருக்கலாம் என்று எண்ணினேன்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். நம் மண்ணுக்கு உரியவரை வைத்துச் சோதித்தால் விளங்கும். 1805இல் எங்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த அடைமொழி பொருந்துமா? பொருந்தும் என்றால் ‘தீரன்’ என்பதையே தமிழாக வைத்துக்கொள்ளலாமே?

பவானி மொழிபெயர்ப்பாளர்

சங்ககிரி அண்ணா, அரணுக்கும் ஆளுக்கும் உறவில்லை. அரணைக் குறிக்கும் சொல் இத்தாலியின் ‘ரிதோத்தோ’ வழியாக வந்தது. ஒதுங்கிய இடம், பின்வாங்கிப் பதுங்கும் இடம் என்பது அதன் மூலப்பொருள். பிரெஞ்சில் ‘ரெதூத்’ ஆகி ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே இருந்த அச்சச் சொல்லின் சாயலால் அதற்கும் ஒரு ‘பி’ ஒட்டிக்கொண்டது. உருவம் ஒன்றுபோல் ஆனதே தவிர, பிறப்பு வேறு.

சின்னமலைக்கு அடைமொழி பொருந்துமா என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. நன்றாகவே பொருந்தும். அதை எழுதத் தகுதியானவர்கள் கும்பினிப் படையார்தான். தீரன் என்பது அவருக்குள் இருந்த துணிவைச் சொல்கிறது. அதை நாம் சொல்கிறோம். ரிடவுட்டபிள் என்பதோ அவரை எதிர்த்து நின்றவர்களின் மனநிலையைச் சொல்கிறது. யாரும் இல்லாத காட்டில் ஒருவர் தீரராக இருக்கலாம்; ரிடவுட்டபிளாக இருக்க எதிரே ஒருவர் நின்று தயங்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மொழிபெயர்ப்பு எளிதாகிவிடும். அதனால் ‘தீரமிக்க’, ‘துணிச்சலான’, ‘வீரமான’ ஆகியவற்றை எல்லாம் நான் ஒதுக்கிவிடுவேன்.

அதே 1805ஆம் ஆண்டு அக்டோபர் 21இல் நடந்த டிரபால்கர் கடற்போரில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் ‘ரெதூத்தாப்ல்’. ஆங்கிலத் தளபதி நெல்சனின் உயிரைப் பறித்த துப்பாக்கிக் குண்டு அந்தக் கப்பலிலிருந்துதான் பாய்ந்தது. 1967இல் பிரான்ஸ் வெள்ளோட்டம் விட்ட தன் முதல் அணு ஏவுகணை நீர்மூழ்கிக்கும் அதே பெயரைத்தான் சூட்டியது. பகைவன் அஞ்ச வேண்டும் என்பதற்காகவே கட்டிய கலத்துக்கு அகராதிப் பொருள் அப்படியே பொருந்தும். அங்கே ‘அஞ்சத்தக்க’ என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. தலைமையாசிரியருக்கு அதே தமிழை எழுதினால் மகள் வருந்துவதும் இயல்புதான்.

அந்தியூர் வாசகர்

இவ்வளவு ஆராய வேண்டுமா? ‘சிங்கப் பெண்’ என்றோ ‘இரும்புப் பெண்மணி’ என்றோ போட்டுவிட்டால் எல்லோருக்கும் புரியும்.

பெருந்துறை ஆசிரியை

புரியும்தான், ஆனால் அம்மையாரைப் பற்றி எதுவும் புரியாது. ‘இரும்புப் பெண்மணி’ என்பது 1976இல் சோவியத் இதழ் ஒன்று மார்கரெட் தாட்சரைத் தாக்கி எழுதிய தொடர். அவர் அதையே பெருமையாக ஏற்றுக்கொண்டதால் உலகெங்கும் பரவியது. இன்று எந்த ஊரில் எந்தப் பெண் ஒரு முடிவு எடுத்தாலும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம். மேடைப் பேச்சுக்கு அது போதும். ஒரு பள்ளிக்காக வாழ்நாளைக் கொடுத்தவருக்குப் போதாது.

இன்னொரு கருத்தையும் சொல்லியாக வேண்டும். நான் படித்த ஆங்கில எழுத்துகளில் இந்த அடைமொழி பெண்களுக்கு வரும்போது பெரும்பாலும் வயதான அத்தைக்கும் விடுதிக் காப்பாளருக்கும் தலைமையாசிரியைக்கும்தான் வருகிறது. அப்போது அதில் லேசான புன்னகை ஒன்று கலந்துவிடுகிறது. படைத்தளபதிக்கு வரும்போது அந்தப் புன்னகை இல்லை. ஓர் ஆண் அதிகாரத்தோடு நடந்துகொண்டால் அது இயல்பு, ஒரு பெண் நடந்துகொண்டால் அது வேடிக்கை பார்க்க வேண்டிய செய்தி என்ற எண்ணம் அதன் அடியில் இருப்பதாக நான் கருதுகிறேன். மகளுக்கு உறுத்தியது இதுவாகவும் இருக்கலாம்.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலைத் தலைமை தாங்கி நடத்திய நாகம்மையாரையும் கண்ணம்மாளையும் நினைத்துப் பாருங்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டுப் பெண்கள் இருவரின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாக எங்கள் பகுதியில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அவர்களை எதிர்கொள்வது எளிதன்று என்று அரசு உணர்ந்த அந்த நிலைக்கு இந்த ஆங்கிலச் சொல் உண்மையாகப் பொருந்தும். அங்கே புன்னகைக்கு இடமே இல்லை. ஆகவே எந்த எடையில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் கட்டுரையைப் பார்க்க வேண்டும். முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது. மலர்க்குழு அந்தப் பகுதியின் சாரத்தைத் தர முடியுமா?

கோவை வழக்கறிஞர்

ஆசிரியை அம்மா சொல்லும் புன்னகை உண்டு என்பதை ஏற்கிறேன். அது பெண்களுக்கு மட்டும் என்பதை ஏற்க இயலவில்லை. முதிய நீதிபதிகளையும் பழைய கட்சித் தலைவர்களையும் பற்றி அதே புன்னகையோடு எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். சொல்லின் பழமைதான் அந்தப் புன்னகையைத் தருகிறது என்பது என் எண்ணம்.

பெருந்துறை ஆசிரியை

முதிய நீதிபதி ஓய்வு பெறும்வரை தீர்ப்பு எழுதினார். யாரும் அவரை அதற்காகவே வேடிக்கையாகப் பார்க்கவில்லை. இதில் நாம் இருவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பெண்ணுக்கு இந்தச் சொல்லைப் பெயர்க்கிறவர் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

மலர்க்குழு, திருச்செங்கோடு

கேட்டபடி சாரத்தைத் தருகிறேன். கட்டுரையாளர் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஆண்டில் அவருடைய தந்தையார் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வருகிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர், ஊரில் செல்வாக்குள்ளவர், பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை தந்தவரும்கூட. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்கிறார். அம்மையார் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை வேறு எதுவும் பேசாமல் இருக்கிறார். பிறகு மேசை மேல் இருந்த சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ‘பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் வாருங்கள், நானே என் கையால் எழுதித் தருகிறேன்’ என்கிறார். தந்தையார் குரலை உயர்த்துகிறார், நன்கொடையை நினைவூட்டுகிறார், மேலிடத்துக்குப் போவதாகச் சொல்கிறார். அம்மையார் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கச் சொல்கிறார். தந்தையார் திரும்பிப் போனார். அந்தப் பெண் இன்று மருத்துவர். பிற்காலத்தில் அவருடைய தந்தையார் ஊரில் எந்தப் பெண்ணின் படிப்பு நின்றாலும் ‘அந்த டீச்சரம்மா லேசுப்பட்டவங்க இல்லீங்க, போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க’ என்று சொல்வாராம். இதுதான் கட்டுரையின் முதற்பகுதி. வேடிக்கையாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

பெருந்துறை ஆசிரியை

இதைப் படித்த பிறகு என் ஐயம் தீர்ந்தது. இங்கே அந்தச் சொல் முழு எடையோடுதான் நிற்கிறது.

காங்கேயம் தமிழாசிரியர்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். அச்சத்தையும் மதிப்பையும் ஒரே அடைமொழியில் கட்டுவது ஆங்கிலத்தின் வழி. தமிழ் இவ்விரண்டையும் கவனமாகப் பிரித்தே வைத்திருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். குறளில் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. குடிகள் அஞ்சும்படி நடக்கும் அரசன் உறுதியாக விரைவில் கெடுவான் என்கிறது அதன் 563ஆம் குறள். அச்சமூட்டுதல் அங்கே குற்றம். சொல்வன்மை அதிகாரத்துக்கு வந்தால் நிலைமை வேறு. ‘சொலல்வல்லன் சோர்விலன் அஞ்சான் அவனை இகல்வெல்லல் யார்க்கும் அரிது’ என்பது 647ஆம் குறள். பிறரை அவன் அச்சுறுத்துகிறான் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அவன் அஞ்சாதவன், அவனை வெல்வது எவருக்கும் அரிது. காபி கொடுத்துவிட்டுச் சாவியை முடிந்துகொண்ட அம்மையாருக்கு இந்தக் குறளைவிடப் பொருத்தமான உரை வேண்டியதில்லை.

இதில் இலக்கணப் பாடம் ஒன்றும் இருக்கிறது. இத்தகைய ஆளைப் புகழத் தமிழ் ‘அரிது’ என்ற சொல்லை நாடுகிறது. தகடூர் அதியமானைப் பாடிய ஔவையார் புறநானூற்றின் 94ஆம் பாடலில் இதையே செய்கிறார். ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்கொம்பைக் கழுவ, நீர்த்துறையில் படிந்து கிடக்கும் பெரிய களிறு போல நீ எங்களுக்கு இனியவன். அதன் ‘துன்னருங் கடாஅம்’ போலப் பகைவர்க்கு இன்னாதவன் என்கிறார். துன்னுதல் என்றால் நெருங்குதல். மதம் கொண்ட அந்த யானையை நெருங்குதல் அரிது. சிறுவருக்கும் பகைவருக்கும் யானை ஒன்றுதான். மாணவிக்கும் அவளுடைய தந்தைக்கும் தலைமையாசிரியர் ஒருவரே என்பதும் அப்படித்தான். ஆங்கிலச் சொல் களிற்றின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது. மாணவி எழுதுவதால் மறுபக்கம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

ரிக் வண்டிக்காரர் பேச்சிலும் இதே அமைப்புதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘லேசுப்பட்டவங்க இல்லீங்க’ என்பது ‘எளியர் அல்லர்’ என்பதுதான். நம் பக்கத்தில் மதிப்போடு சொல்லும்போது இப்படி எதிர்மறையாகவே சொல்கிறோம். ‘பயங்கரமானவர்’ என்று நேராகச் சொன்னால் அது வேறு ஆள்.

தாராபுரம் வாசகர்

எங்கள் பக்கத்தில் ‘தாட்டியமான ஆள்’ என்பார்கள். அதை எழுதலாமா?

காங்கேயம் தமிழாசிரியர்

நல்ல சொல். ஆனால் கேட்கிறவருக்கு உடல் வலிமையோ அடாவடியோ மனத்தில் வந்துவிடும். அம்மையார் குரலைக்கூட உயர்த்தவில்லை. மலரில் வேண்டாம்.

பவானி மொழிபெயர்ப்பாளர்

தமிழாசிரியர் ஐயா காட்டிய வழி எனக்கு முழு உடன்பாடு. இதோடு ஒன்று சேர்க்கிறேன். லத்தீன் வினைக்குத் தயங்குதல் என்ற பொருளும் உண்டு என்று தொடக்கத்தில் எழுதினேன். தமிழின் ‘தயக்கம்’ அந்த இடத்தில் மிகச் சரியாக உட்காருகிறது. அதில் ஐயமும் சிறிது இருக்கிறது, அச்சமும் சிறிது இருக்கிறது, இழிவு மட்டும் இல்லை. பெரியவர் முன் தயங்குவது மரியாதை. ஆகவே அடைமொழியாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் வினையாக விரித்து எழுதிவிடலாம். ‘எதிர்த்துப் பேச எவரும் தயங்கும் எங்கள் தலைமையாசிரியர்’ என்பது ஒன்று. ‘எதிர்நின்றவர்களும் மதித்துத் திரும்பிய எங்கள் தலைமையாசிரியர்’ என்பது இன்னொன்று. முதலாவது ஆங்கிலத்துக்கு நெருக்கமானது. இரண்டாவதில் தந்தையார் திரும்பிப் போன கதை முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றாலும், அச்சத்தின் நிழலே படாமல் மதிப்பு வெளிப்படையாகிறது. நான் இரண்டாவதைத்தான் எழுதுவேன். ‘கண்டிப்பான’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கண்டிப்பு மாணவிகளிடம் காட்டுவது. இங்கே பேச்சு, மாணவிக்காக ஊரிடம் காட்டிய உறுதியைப் பற்றியது.

கோவை வழக்கறிஞர்

‘எதிர்நின்றவர்களும் மதித்துத் திரும்பிய’ என்பதில் நாள்பட்ட பெயர் என்ற கூறும் வந்துவிடுகிறது. ஒருவர் அல்லர், பலர் திரும்பியிருக்கிறார்கள் என்று தொனிக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மலர்க்குழு, திருச்செங்கோடு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வரிகளையும் அம்மையாரின் மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவதைக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். ‘தயங்கும்’ என்பதும் தவறில்லை, ஆனால் அம்மாவிடம் பேசத் தயங்காத மாணவிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்றார். கட்டுரையாளருக்கும் இதில் மகிழ்ச்சியே.

ஒரு சிறு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. கட்டுரையின் பிற்பகுதியில், மாவட்ட அளவிலான கோ-கோ போட்டியில் எங்கள் பள்ளி எதிர்கொண்ட அணிக்கும் இதே ஆங்கில அடைமொழியைக் கட்டுரையாளர் கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்ததாகச் சொல்கிறார். தமிழிலும் ஒரே தொடரை வைக்க வேண்டுமா?

பவானி மொழிபெயர்ப்பாளர்

வைக்க இயலாது, வைத்தால் இரண்டு இடமும் கெடும். எதிரணி மதித்துத் திரும்பவில்லை, ஆட வந்தது. அங்கே ‘எளிதில் வெல்ல முடியாத அணி’ என்று எழுதுங்கள். எழுதியவர் இரண்டையும் இணைக்க விரும்பினால் இணைப்பை வேறு இடத்தில் செய்யலாம். அந்த அணியைப் பற்றி எழுதும் பத்தியில், ‘எங்கள் தலைமையாசிரியரிடம் பழகிய எங்களுக்கு எளியர் அல்லாதவர்கள் புதிது அல்லர்’ என்று ஒரு வரி சேர்க்க அவருடைய ஒப்புதலைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத வரி என்பதால் ஒப்புதல் இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

மலர்க்குழு, திருச்செங்கோடு

இன்றே எழுதிக் கேட்கிறேன். அச்சகத்துக்குக் கோப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் அந்த வரி இல்லாமலே அனுப்பிவிடுவேன்.